பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

நம் ஊரில் கார் பேட்டரியைக் கொல்வது வெயில். ஆனால் அது உயிரை விடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக் காலை வேளையில். வேலூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் வெளியே 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில், பானெட்டுக்குள் அதைவிடக் கூடுதலான சூட்டில் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. உள்ளே தண்ணீர் வற்றுகிறது. பாசிட்டிவ் தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரித்துப்போகிறது. ஆனால் அந்த நேரத்தில் எதுவும் வெளியே தெரியாது. சூட்டில் எஞ்சின் ஆயில் இளகியிருப்பதால் செல்ஃப் சுலபமாக எடுத்துவிடும். மழை பிடித்து, வைப்பரும் ஹெட்லைட்டும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'கட் கட் கட்' என்ற சத்தம் மட்டும் வரும்.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. குளிர் நாடுகளில் ஐந்தாறு ஆண்டு ஓடும் பேட்டரி இங்கே மூன்று, நான்கு ஆண்டுகளில் ஓய்வது இதனால்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இருப்பது அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடப்பதில். போன் போட்டதும் பைக்கில் ஒருவர் புது பேட்டரியோடு வருகிறார். சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறார். "பேட்டரி போயிடுச்சு சார்" என்கிறார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, நாலாயிரமோ ஐயாயிரமோ கைமாறுகிறது. வண்டி ஓடுகிறது, நமக்கும் நிம்மதி. சில வாரங்கள் கழித்து அதே சத்தம் மறுபடி கேட்கும்போதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நினைவுக்கு வருகிறது: பழைய பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா?

செல்ஃப் எடுக்காததற்குப் பேட்டரி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் (மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்) படுத்திருக்கலாம். டெர்மினலில் பூப்பூத்துக் கரன்ட் போகாமல் இருக்கலாம். வண்டி சும்மா நிற்கும்போது எங்கோ கரன்ட் கசிந்துகொண்டிருக்கலாம். நான்கில் எது என்று கண்டுபிடிக்க 500 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்டே 1859-ல் உருவாக்கிய அதே வேதியியல்தான் இன்றைய கார் பேட்டரியிலும் இருக்கிறது. ஈயத் தகடு, ஈய டையாக்சைடு தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. சார்ஜ் இறங்க இறங்க இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் படிகம் கெட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பல பேட்டரிகளின் சாவு இப்படித்தான் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதும், தளர்வுக்குப் பிறகு பேட்டரிக் கடைகளில் கூட்டம் மொய்த்ததும் நினைவிருக்கலாம். அந்தப் பேட்டரிகள் ஓடித் தேயவில்லை. நின்றே கெட்டன.

மீட்டருக்கு வருவோம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் நல்ல எண்ணாகக் காட்டி ஏமாற்றிவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம்.

எண் குறைவாக இருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜ் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். நன்றாக இருக்கும் பேட்டரியும் உள்ளே விளக்கு எரியும்படி விட்டால் ஒரே இரவில் இறங்கும். கழற்றி, சார்ஜரில் நிதானமாக ஏற்றி (35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்), ஒரு இரவு சும்மா வைத்து மறுபடி அளக்க வேண்டும். 12.6 பக்கம் நின்றால் அது பிழைத்தது. எதையும் இணைக்காமலே 12.4-க்குக் கீழே சரிந்தால் அதன் காலம் முடிகிறது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5-க்கு மேல் வரவில்லை என்றால் ஒரு செல் செத்துவிட்டது. அதற்கு மருந்தில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது செல்ஃப் அடிக்கும்போது. நீங்கள் மீட்டரைப் பிடித்திருக்க, வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். அந்த இரண்டு மூன்று நொடியில் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்ட் இறங்கத்தான் செய்யும். 9.6-க்குக் கீழே போகக் கூடாது. முழுச் சார்ஜ் இருந்தும் எட்டுக்கோ ஏழுக்கோ விழுந்தால் பேட்டரிக்குத் திராணி இல்லை. கடைகளில் உள்ள லோட் டெஸ்டரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. டெஸ்ட் செய்கிறவரிடம் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். "வீக்கா இருக்கு" என்ற வாய்வார்த்தை போதாது. பேட்டரியின் தலையில் இருக்கும் பச்சைக் கண்ணை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். அது ஆறில் ஒரே ஒரு செல்லின் அமில அடர்த்தியை மட்டும் காட்டுகிறது.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் 13-க்கு மேல் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடியும் மீட்டர் 12.3-லேயே நின்றால், புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் இறங்கிவிடும். 15-ஐத் தாண்டி நின்றால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகச் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ஆல்டர்னேட்டர் சில புது வண்டிகளில் உண்டு. அவற்றில் எண் ஏறி இறங்கும், பதற வேண்டாம். டேஷ்போர்டில் எரியும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கும் பெரும்பாலும் பேட்டரியைப் பற்றியதல்ல; சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான் சொல்கிறது.

டைனமோவைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய வண்டியில் அந்த நொடியில் பாயும் அதிக வோல்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ கணினியையே எரித்துவிடக்கூடும். யாராவது அப்படிச் செய்ய வந்தால் தைரியமாகத் தடுத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பேட்டரி மாற்றி வருடம்கூட ஆகவில்லை, மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொரு பேட்டரி வாங்கச் சொல்லிவிட்டார்கள். வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இளைஞர் மீட்டரை முதலில் பேட்டரியின் ஈய முனைகள் மேலேயே வைத்தார். "திருப்புங்க சார்." செல்ஃப் முனகியது, மீட்டர் 12-ஐ விட்டு அதிகம் இறங்கவில்லை. பிறகு அதே ஊசிகளை முனையைச் சுற்றியிருக்கும் கிளாம்புகளுக்கு நகர்த்தினார். இப்போது எட்டைக்கூடத் தொடவில்லை. விரல்கடை தூரத்தில் நாலு வோல்ட் காணாமல் போயிருந்தது. "தம்பி, பேட்டரி போயிடுச்சா?" என்றார் ஆசிரியர். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். பிடிதான் இல்ல." நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றினால், உள்வட்டம் முழுக்க வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு இறங்கியது. உப்புத்தாள் போட்டு ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். முதல் திருப்பலிலேயே வண்டி எடுத்தது. இந்தச் சோதனையை எல்லாரும் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது முனைக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவே அரை வோல்ட் காட்டினாலே அங்கே கோளாறு.

கசிவு கொஞ்சம் கள்ளத்தனமானது. கடிகாரம், அலாரம், ரிமோட் லாக் ஆகியவற்றுக்காக நிற்கும் வண்டியும் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதி. வெளியில் வாங்கிப் பொருத்திய டேஷ்கேமராவும் ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஊருக்குப் போகிறவர்கள் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் பயனில்லை. அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், தயங்காமல் மாற்றுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் தானாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஓசூரிலும் திருப்பதிக்கு அருகிலும் பெரிய பேட்டரித் தொழிற்சாலைகள் இருக்கும்போது, ஆறு மாதப் பழைய சரக்கை நாம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 38பி20எல் போன்ற குறியீட்டில் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து, முனை எந்தப் பக்கம் என்பது. அது எல் என்பதற்குப் பதில் ஆர் ஆகிவிட்டால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வண்டிக்கு ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே கைவிடும். வாரன்டியை 30+30 என்பதுபோல் எழுதியிருந்தால், முதல் பாதிக்குத்தான் இலவச மாற்று. பிந்தைய பாதியில் கிடைப்பது தள்ளுபடி மட்டுமே, அதுவும் பெரும்பாலும் எம்ஆர்பி-யில் கணக்கிடப்படுவது.

மாற்றும் வேலை எளிது, வரிசைதான் முக்கியம். எஞ்சினையும் எல்லா விளக்கையும் அணைத்து, கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 எண் ஸ்பேனர். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கும், பேட்டரி வெடிக்கக்கூடும். மாட்டும்போது தலைகீழ்: முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பேட்டரியை அமுக்கிப் பிடிக்கும் கம்பியை மறக்காதீர்கள். ஆட்டம் தகடுகளை உதிர்த்துவிடும். அருகில் சிகரெட் கூடாது, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு மூன்றாவது அளவை மறுபடி எடுங்கள். அது சரியாக இருந்தால்தான் வேலை முடிந்தது.

பழைய பேட்டரி மிச்சமிருக்கிறது. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். முறையான ஆலையில் உருக்கினால் மறுபடி பேட்டரியாகும். கொல்லைப்புறத்தில் உடைத்து அடுப்பில் உருக்கினால் அதன் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாகச் சொன்னது. ஈயப் பேட்டரிகளை முறையில்லாமல் உருக்குவதை முக்கியக் காரணமாகக் காட்டியது. இந்தியாவில் 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து, அதற்குக் கழித்த தொகையைப் பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள்.