தோல்விகளினூடே வளர்ந்த தொழிற்சங்கம்

தொழிற்சங்கம் ஒன்றின் பலத்தை அது வென்றெடுத்த போராட்டங்களைக் கொண்டு மட்டுமே அளவிடுவது பொது வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வாறு நோக்குவோமாயின், பிரித்தானியாவின் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தை வரலாற்றில் தோல்வி கண்ட சங்கங்களின் வரிசையிலேயே சேர்க்க வேண்டியிருக்கும். ஆயினும் அச்சங்கத்தின் பெயர் இன்றும் மதிப்புடன் நினைவுகூரப்படுவதற்குக் காரணம் யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு வேல்ஸின் நீராவி நிலக்கரி உலகெங்கும் விரும்பி வாங்கப்பட்டது. ஏடன், கொழும்பு போன்ற துறைமுகங்களில் கப்பல்களுக்காகக் குவிக்கப்பட்டிருந்த கரியில் ஒரு பங்கு ரொண்டா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் வெட்டியெடுக்கப்பட்டதேயாகும். அங்கு தொழிலாளரின் சம்பளம் நிலக்கரியின் விற்பனை விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. விலையைத் தீர்மானிப்பதில் எவ்வித பங்குமற்ற தொழிலாளியே விலை வீழ்ச்சியின் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. இம்முறையை எதிர்த்தமையால் 1898 ஆம் ஆண்டு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சுரங்கங்களின் வாயில்கள் தொழிலாளருக்கு மூடப்பட்டன. இறுதியில் தொழிலாளர்கள் ஏறத்தாழ வெறுங்கையுடன் பணிக்குத் திரும்பினர். எனினும் பள்ளத்தாக்கு தோறும் பிரிந்து கிடந்த சிறு சங்கங்களால் பயனில்லை என்ற உண்மையை அத்தோல்வி உணர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் சம்மேளனம் உதயமாயிற்று. ‘மபொன்’ என அழைக்கப்பட்ட வில்லியம் ஏப்ரஹாம் அதன் முதலாவது தலைவரானார்.

மபொன் இணக்கப் பேச்சுவார்த்தையில் நம்பிக்கை கொண்டவர். ஆனால், இளைய தலைமுறையினர் அப்பாதையில் பொறுமையிழந்தனர். 1910 இல் பெனிகிரெய்க்கில் உள்ள ஈலி சுரங்கத்தில் புதிய கரிப்படை ஒன்றை வெட்டுவதற்கான தொன் வீதக் கூலி தொடர்பாக எழுந்த தகராறு, சுமார் 12,000 பேர் பங்கேற்ற வேலைநிறுத்தமாக மாறியது. நவம்பரில் டொனிபண்டி நகரில் மோதல்கள் வெடித்தன. அப்போது உள்துறைச் செயலாளராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் லண்டனிலிருந்து பொலிஸாரை அனுப்பியதுடன் இராணுவமும் அங்கு நிலைநிறுத்தப்பட்டது. பல தசாப்தங்கள் கழிந்தும் அப்பகுதி மக்கள் அவரை மன்னிக்கவில்லை. மறு ஆண்டு அவ்வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆயினும் அங்கு எழுப்பப்பட்ட குறைந்தபட்சச் சம்பளக் கோரிக்கை நாடு தழுவிய போராட்டமாக விரிந்து, 1912 இல் சட்டமாயிற்று.

அன்று மனித உயிருக்குரிய விலை என்னவாக இருந்தது என்பதற்கு செங்கனீத் சாட்சியாக நிற்கிறது. 1913 ஒக்டோபர் 14 ஆம் திகதி அங்கு இடம்பெற்ற வெடிப்பில் சுரங்கத் தொழிலாளர் 439 பேரும் மீட்புப் பணியாளர் ஒருவரும் பலியாகினர். பாதுகாப்பு விதிகளை மீறியமைக்காக முகாமையாளருக்கு 24 பவுணும் கம்பனிக்கு 10 பவுணும் அபராதமாக விதிக்கப்பட்டன.

1926 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் கைவிடப்பட்ட போதிலும், சுரங்கத் தொழிலாளர் ஏழு மாதங்கள் தனித்து நின்று இறுதியில் பட்டினியால் பணிந்தனர். அதனைத் தொடர்ந்தே சம்மேளனத்தின் உண்மையான சோதனைக்காலம் ஆரம்பமாயிற்று எனலாம். வேலையின்மையினால் அங்கத்துவம் சரிந்தது. முதலாளிமாரின் ஆதரவுடன் போட்டிச் சங்கம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதில் இணைந்தவர்களுக்கே வேலை என்ற நிலை சில சுரங்கங்களில் நிலவியது. 1935 இல் ‘நைன் மைல் பொயின்ற்’ சுரங்கத்தில் தொழிலாளர்கள் மேலே வர மறுத்து நாட்கணக்கில் நிலத்தின் அடியிலேயே தங்கிப் போராடினர். ஏனைய சுரங்கங்களுக்கும் அப்போராட்டம் பரவியது. ஈற்றில் 1938 இல் அப்போட்டிச் சங்கம் மறைந்தது.

இத்தனை அடிகளையும் தாங்கும் வலிமை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு சுரங்கத்திலும் இயங்கிய கிளைச் சங்கத்திலேயே அதற்கான விடை உள்ளது என்பது எமது கருத்தாகும். அக்கிளை சம்பளப் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதோடு நின்றுவிடவில்லை. விபத்தில் கணவனை இழந்தவளின் நட்டஈட்டுக்காக அது வாதாடியது. தூசினால் சுவாசப்பை பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கோரியது. தொழிலாளர் தமது சம்பளத்திலிருந்து சில்லறைக் காசு செலுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்களையும் நூலகங்களையும் நடத்தினர். ட்ரெடிகர் நகரில் தொழிலாளரின் பங்களிப்பில் இயங்கிய மருத்துவ உதவிச் சங்கத்தை அறிந்து வளர்ந்தவரே, சுரங்கத் தொழிலாளியாக இருந்து பின்னர் சுகாதார அமைச்சரான அனைரின் பெவன். 1948 இல் அவர் உருவாக்கிய தேசிய சுகாதார சேவைக்கு அச்சங்கம் முன்மாதிரியாக அமைந்தது.

1945 இல் சம்மேளனம் தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தெற்கு வேல்ஸ் பிராந்தியமாக மாறியது. 1947 இல் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. ஆயினும் அரசு உரிமையாளரானதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1966 இல் அபர்வான் கிராமத்தின் மீது சுரங்கக் கழிவு மலை சரிந்து 144 உயிர்களைக் காவுகொண்டது. அவர்களில் 116 பேர் சிறுவர்கள்.

இறுதிப் பெரும் போராட்டம் 1984 இல் ஆரம்பமானது. தொடக்கத்தில் தெற்கு வேல்ஸின் பெரும்பாலான கிளைகள் வேலைநிறுத்தத்திற்கு எதிராகவே வாக்களித்தன என்பது பலரும் அறியாத செய்தி. எனினும் களத்தில் இறங்கிய பின்னர், நாட்டிலேயே மிக உறுதியாக நின்ற பிராந்தியமாக அதுவே விளங்கியது. அப்போராட்டத்தில் கறையும் படிந்தது. பணிக்குச் சென்ற ஒருவரை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் சாரதி, பாலத்திலிருந்து வீசப்பட்ட கொங்கிரீட் துண்டினால் கொல்லப்பட்டார். 1985 மார்ச்சில் உடன்பாடு எதுவுமின்றிப் பணிக்குத் திரும்பும் தீர்மானம் 98 க்கு 91 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மேர்டி சுரங்கத்தின் தொழிலாளர்கள் வாத்தியக் குழுவினர் முன்செல்ல, சங்கக் கொடியுடன் அணிவகுத்துத் திரும்பினர். 1990 இல் அச்சுரங்கமும் மூடப்பட்டது. மூடப்பட்ட டவர் சுரங்கத்தை 239 தொழிலாளர்கள் தலா 8,000 பவுண் இட்டுத் தாமே வாங்கி, 1995 முதல் 2008 வரை நடத்திக் காட்டினர்.

நிலக்கரியின் காலம் இன்று பிரித்தானியாவில் முடிந்துவிட்டது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது. தொழில் அழிந்த பின்னரும் அத்தொழிலாளர் வித்திட்ட சுகாதார சேவை எஞ்சி நிற்கின்றது. அங்கத்தவரின் சந்தாவைப் பெறுவதுடன் கடமை முடிந்ததெனக் கருதும் தொழிற்சங்கங்கள் எங்கிருப்பினும், தமது அங்கத்தவரின் வீட்டு வாசல் வரை சென்ற இச்சங்கத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. தோல்வியடைந்த நாளில் தொழிலாளி தன் சங்கத்தை விட்டு விலகாது நிற்பானா என்ற கேள்விக்கான விடை, அதற்கு முன்னைய சாதாரண நாட்களிலேயே எழுதப்பட்டு விடுகிறது.