மேகத்துக்குள்ளே எது மேல், எது கீழ்?

அமெரிக்காவில் பழைய செஸ்னா 172 குட்டி விமானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். பழைய பைக்குக்குப் புது லைட் மாட்டுகிற நம்ம ஆசாமிகள் மாதிரி, அவர்களுக்கும் காக்பிட்டில் பெரிய கலர் ஸ்கிரீன் மாட்ட ஆசை.

கொஞ்சம் பொறுங்க சார்!

விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்-பி கருவி, 2020 ஜனவரி முதல் அங்கே நெரிசலான வான்பகுதிகளில் கட்டாயம். அது சட்டத்துக்கு. உயிருக்கு?

விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் பழைய கருவிக்குள், பம்ப் இழுக்கும் காற்றில் ஒரு பம்பரம் சுற்றுகிறது. பம்ப் பழுதானால் பம்பரம் தள்ளாடும். கருவி மெள்ள மெள்ளப் பொய் சொல்லும். மேகத்துக்குள் அதை நம்பினால் போச்சு!

ஆகவே, பம்ப் தேவைப்படாத, தனி பேட்டரியுள்ள கார்மின் ஜி5 மாதிரி கருவிக்கே முதல் செலவு. கலர் ஸ்கிரீனா? அடுத்த போனஸில் பார்த்துக்கலாம்!