நீலகிரியின் காரட்டும் குழந்தைகளின் கண்ணொளியும்

உதகமண்டலத்தை அடுத்த கேத்தி, நஞ்சநாடு, முத்தோரை முதலிய ஊர்களின் மலைச்சரிவுகளில் விளையும் காரட்டை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். முற்காலத்தில் மஞ்சள் முள்ளங்கி என்றும் வழங்கிய இக்கிழங்கு, மேட்டுப்பாளையம் சந்தை வழியாகச் சமவெளி நகரங்களுக்குச் செல்கிறது. எனினும், இதனைச் சாம்பாருக்கும் பிரியாணிக்கும் நிறமூட்டும் பொருளாகவே நம்மில் பலர் கருதுகின்றனர். அந்நிறத்திலேதான் இதன் பயன் அடங்கியிருக்கிறது.

காரட்டுக்குச் செம்மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டீன் என்னும் பொருள். ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த தட்பவெப்பத்தில் அது கிழங்கில் நன்கு சேர்கிறது. மலைக்காரட்டின் நிறச் சிறப்புக்கு இதுவே காரணம். நமது உடல் கரோட்டீனை வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்கிறது. இச்சத்துக் குறைந்த குழந்தைக்கு முதலில் மாலைக்கண் தோன்றும். அந்தி மயங்கியதும் அது தட்டுத் தடுமாறி நடக்கும். அப்போதும் கவனியாது விட்டால் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே போய்விடும். அம்மை போன்ற நோய்களைத் தாங்கும் வலிமையும் குன்றும்.

இந்தியாவில் உணவுச் சத்துக்களைப் பற்றிய முறையான ஆராய்ச்சி இதே நீலகிரியில்தான் வேரூன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. 1970ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் புகட்டும் திட்டம் நடைபெற்று வருகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளிக்கப்படும் அத்திரவத்தைத் தவறாது கொடுப்பதுடன், அன்றாட உணவிலும் இச்சத்துச் சேருமாறு தாய்மார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கரோட்டீன் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆகவே எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேராமல் உண்ட காரட்டின் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே கழிந்துவிடுகிறது. பச்சையாகக் கடித்துத் தின்பதைக் காட்டிலும், அளவாக வேகவைத்து எண்ணெயில் தாளித்த பொரியலாக உண்பது இவ்வகையில் மேலானது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நன்றாக வேகவைத்து மசித்து, ஒரு துளி நெய் கலந்து ஊட்டலாம். சிறு குழந்தைகளின் கையில் பச்சைத் துண்டுகளைக் கொடுத்தல் ஆகாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அல்வாவும் நல்லதுதானே என்பர் சிலர். அதில் சேரும் சர்க்கரையையும் அவர்கள் கணக்கிட வேண்டும்!

காரட் உண்டால் மூக்குக்கண்ணாடியை எறிந்துவிடலாம் என்ற பேச்சு உண்மையன்று. இரண்டாம் உலகப்போரின்போது, தம் விமானிகள் காரட் உண்டே இருளில் பகைவரைக் கண்டனர் என்று பிரிட்டிஷார் பரப்பிய கதையும் இத்தகையதே. ராடார் கருவியின் இரகசியத்தை மறைக்க அது உதவிற்று. மாலைக்கண் கண்ட குழந்தையைத் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்நிலையில் காரட் மட்டும் போதாது. அளவு மிஞ்சி உண்டால் உள்ளங்கை மஞ்சளாகும். அதனால் தீங்கில்லை, குறைத்துக்கொண்டால் மாறிவிடும். சமவெளியில் காரட் விலை ஏறும் நாட்களில் முருங்கைக்கீரையே இச்சத்தைத் தரும்.

மலையில் பயிரிடுவோருக்கு ஒரு சொல். பிளந்தும் கோணலாகவும் விளைந்த கிழங்குகளைச் சந்தை விரும்புவதில்லை. ஆனால் சத்தில் அவை சிறிதும் குறைந்தவையல்ல. அழுகாதவற்றைப் பொறுக்கி வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். தழையை உடனே அறுத்துவிட்டால் கிழங்கு வாடாமல் சில நாட்கள் கூடுதலாக இருக்கும்.