எச்சரிக்கை வந்தால் பிரவுசரை மாற்றலாமா?

"குரோம் பயன்படுத்துவோருக்கு மத்திய அரசு எச்சரிக்கை" என்ற தலைப்பு நம் செய்தித் தளங்களுக்கு அலுப்பதே இல்லை. அடிக்கடி வரும், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்றுச் சுற்றும், வேறு பிரவுசருக்கு மாறிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள், பிறகு அடங்கிவிடும். செய்தி பொய்யல்ல. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் அப்படியோர் அறிவிப்பை உண்மையாகவே வெளியிட்டிருக்கும். ஆனால் மூல அறிவிப்பைப் படித்தால் அதில் இரண்டு செய்திகள் இருப்பது தெரியும். இன்ன எண்ணுக்கு முந்தைய பதிப்புகளில் ஓட்டை இருக்கிறது என்பது ஒன்று. அதை அடைத்த புதிய பதிப்பு வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது மற்றொன்று. நம் கைக்கு வரும்போது முதல் செய்தி மட்டும் பெரிய எழுத்தில் மிஞ்சுகிறது. ஒரு பிரவுசரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது என்பது மட்டுமே அதை விட்டு ஓடுவதற்குக் காரணமாகாது. கண்டுபிடித்த ஓட்டையை அடைக்கும் பதிப்பு எத்தனை நாளில் நம் கணினிக்கு வந்து சேர்கிறது, அதற்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் அவன் எதுவரை போக முடியும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு காலத்தில் ஒரு நாட்டு அரசே "பிரவுசரை மாற்றுங்கள்" என்று மக்களிடம் சொன்னது. அது சரியான அறிவுரைதான். இன்று அதே அறிவுரை பெரும்பாலோருக்குப் பொருந்தாமல் போனதற்கும் இந்த இரண்டு கேள்விகளிலேயே விடை இருக்கிறது.

2010 ஜனவரி 12-ஆம் தேதி கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன்னுடைய அறிவுசார் சொத்து திருடப்பட்டதாகவும், இன்னும் குறைந்தது 20 பெரிய நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டதாகவும் அது சொன்னது. பின்னர் 'ஆபரேஷன் அரோரா' என்று பெயர்பெற்ற அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரில் அதுவரை வெளியுலகம் அறியாத ஓட்டை. மூன்றே நாளில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்யும்வரை வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே சொன்னது. அடுத்தடுத்த நாட்களில் பிரான்ஸும் அதையே சொன்னது. மைக்ரோசாஃப்ட் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. தாக்குதல் பலித்தது பழைய 6-ஆம் பதிப்பில்தான், 8-ஆம் பதிப்புக்கு மாறினால் போதும், ஓட்டை இல்லாத பிரவுசர் என்று எதுவும் இல்லை என்று அது வாதிட்டது. வாதத்தின் கடைசிப் பகுதி அப்பட்டமான உண்மை. ஆனாலும் ஜெர்மனி சொன்னதே சரி. ஓட்டை தெரிந்துவிட்டது, அதன் வழியே ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள், அடைப்பதற்கான பதிப்பு மட்டும் வரவில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடுவது மைக்ரோசாஃப்டின் வழக்கம். அதன்படி பார்த்தால் அடுத்த தேதி பிப்ரவரி 9. நெருக்கடி முற்றியதால் வழக்கத்தை மீறி ஜனவரி 21-ஆம் தேதியே திருத்தம் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது: இந்த ஓட்டையைப் பற்றி முந்தைய செப்டம்பரிலேயே நிறுவனத்துக்குத் தெரியும்.

6-ஆம் பதிப்பு மட்டும்தானே என்ற சமாதானமும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடியதல்ல. அந்தப் பதிப்பு 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. போட்டியாளர்கள் ஒழிந்துவிட்டதால் அதற்கடுத்த பதிப்பை வெளியிட மைக்ரோசாஃப்ட் ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டது. அதற்குள் உலகமெங்கும் அலுவலகங்கள் தங்கள் உள் தளங்களை 6-இல் மட்டும் ஓடும்படி எழுதி முடித்துவிட்டன. தென்கொரியாவில் இணையத்தில் வங்கி வேலை பார்ப்பதற்கே எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற நுட்பம் தேவைப்பட்டது. அரசு விதிகளே அப்படி அமைந்திருந்தன. அங்கே ஒரு சாதாரணக் குடிமகனிடம் பிரவுசரை மாற்று என்று சொல்வது வங்கிக்குப் போகாதே என்று சொல்வதற்குச் சமம். ஆபத்து பழைய பதிப்பில்தான் என்று தயாரிப்பாளர் சொல்லலாம். அந்தப் பழைய பதிப்பிலேயே கோடிக்கணக்கானோர் சிக்கிக்கொள்ளும்படி செய்ததும் அதே தயாரிப்பாளர்தான்.

இந்த ஓட்டை என்பது என்ன? பிரவுசர் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்ட பிரம்மாண்டமான நிரல். ஒரு வலைப்பக்கத்தில் வரும் படம், பட்டன், எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது, வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிக்கிறது. விடுவித்த பிறகும் நிரலின் ஏதோ ஒரு மூலை அந்த இடத்தின் முகவரியை வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை வருகிறது. லாட்ஜில் அறையைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தராமல் போய்விட்டது போல. அந்த அறையில் வேறொருவரைத் திட்டமிட்டுக் குடிவைத்து, பழைய சாவிக்காரர் வந்து திறக்கும்படி செய்வதே தாக்குபவரின் கலை. 2010-இல் நடந்தது இதுதான். இது எக்ஸ்ப்ளோரரின் தனிக் குறையும் அல்ல. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தில் கண்டுபிடிக்கப்படும் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி நினைவகத்தைக் கையாள்வதில் வரும் தவறுகளே என்று கூகுளே 2020-இல் சொன்னது.

பிழையின் இனம் மாறவில்லை என்றால் மாறியது எது? அன்று எக்ஸ்பி கணினியில் பலரும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடே உட்கார்ந்திருந்தார்கள். பிரவுசர் வீழ்ந்தால் முழுக் கணினியும் வீழ்ந்தது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் வேறு வழியை எடுத்தது. வலைப்பக்கங்களை இயக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து, கோப்புகளைத் தொட முடியாதபடி, வேறு நிரல்களை இயக்க முடியாதபடி கட்டிப்போட்டது. இதை 'சாண்ட்பாக்ஸ்' என்கிறார்கள். இப்போது தாக்குபவருக்கு ஓர் ஓட்டை போதாது. பக்கத்துக்குள் நுழைய ஒன்று, அந்தக் கட்டிலிருந்து வெளியேற இன்னொன்று என்று சங்கிலியாகத் தேவைப்படுகிறது. 2018-இல் ஸ்பெக்டர் எனும் பிராசசர் குறை அம்பலமான பிறகு, வெவ்வேறு தளங்களைத் தனித்தனிப் பகுதிகளில் பிரித்து வைக்கும் ஏற்பாட்டையும் குரோம் பரவலாக்கியது. ஃபயர்பாக்ஸ் இந்தத் திசையில் தாமதமாகவே வந்தது. 2016-இல்தான் பக்கங்களைத் தனிப் பகுதியில் இயக்கத் தொடங்கியது, தளங்களைப் பிரித்து வைப்பது 2021-இல்தான் வந்தது. ஃபயர்பாக்ஸ் மீது பிரியம் உள்ளவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். ஒரு பிரவுசரில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான ஓட்டைகள் பதிவாகின்றன, இன்னொன்றில் மிகச் சில. எண்ணிக்கை குறைந்ததுதானே நல்லது? பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு எதையும் காட்டுவதில்லை. கூகுளும் ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவும் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் கொடுக்கின்றன, இரவும் பகலும் பிழை தேடும் இயந்திரங்களை ஓடவிட்டிருக்கின்றன, கண்டதைப் பொதுவில் பதிவு செய்கின்றன. தேடாதவன் பட்டியலில் ஒன்றும் இருக்காது. நம் நாட்டில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான போன்களில் இருந்த யுசி பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். பயனரையும் அவர் இருக்கும் இடத்தையும் அடையாளம் காட்டும் தகவல்களைச் சரியான பாதுகாப்பின்றி அது அனுப்பிக்கொண்டிருந்ததை, 2015-இல் கனடாவின் சிட்டிசன் லேப் என்ற வெளி ஆய்வுக்குழுதான் சொல்ல வேண்டியிருந்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போனது. குரோம் எச்சரிக்கையைக் கண்டு பயந்து, வேகமாக இயங்குகிறது என்று ஊர் பேர் தெரியாத பிரவுசரை இறக்கிக்கொள்பவர், தெரிந்த ஓட்டையிலிருந்து தெரியாத ஓட்டைக்குக் குடிபோகிறார்.

இன்னொரு ஆட்சேபத்துக்குக் கூடுதல் வலு உண்டு. திருடர்கள் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் வருவார்கள், அதிகம் பேர் பயன்படுத்தாத பிரவுசருக்குப் போனால் தப்பிக்கலாம் என்பது அது. 2004-இல் ஃபயர்பாக்ஸுக்கு மாறியவர்கள் இதனால் உண்மையிலேயே பயனடைந்தார்கள். ஆனால் இன்று கடையில் பல பெயர்களில் கிடைக்கும் பிரவுசர்களின் உள்ளே வலைப்பக்கங்களை இயக்கும் எஞ்சின் மூன்றுதான். ஓபரா 2013-இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் தன் எட்ஜ் பிரவுசரைக் குரோமியத்தின் மேல் கட்டி வெளியிட்டது. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் அதே குடும்பம். ஆகவே குரோமிலிருந்து இவற்றில் ஒன்றுக்கு மாறுபவர் அதே ஓட்டையைக் கூடவே எடுத்துச் செல்கிறார், திருத்தத்தை மட்டும் ஓரிரு நாள் தாமதமாகப் பெறக்கூடும். அந்தத் தாமதம் சாதாரணமல்ல. குரோமியத்தின் நிரல் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் இருக்கிறது. அடைப்பை அங்கே எழுதிய நிமிடமே, எங்கே ஓட்டை இருந்தது என்பதைத் தாக்குபவரும் படித்துவிடலாம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்ட் முதல் குரோம் வாரம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகிறது.

எஞ்சினே வேறாக இருந்தால்? 2023 செப்டம்பர் அதற்கும் பதில் சொன்னது. வெப்பி என்ற பட வடிவத்தைப் படிக்கும் சிறு நிரல் தொகுப்பில் ஒரு கடுமையான பிழை. அதன் வழியாகத் தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தொகுப்பைக் குரோமும் பயன்படுத்தியது, ஃபயர்பாக்ஸும் பயன்படுத்தியது. செப்டம்பர் 11-ஆம் தேதி குரோம் திருத்தம் தந்தது, மறுநாள் ஃபயர்பாக்ஸ் தந்தது. அந்த வாரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடியவருக்கு ஓடிய களைப்பு மட்டும்தான் மிச்சம். 2010-இல் தெரிந்த பிழை நான்கு மாதம் கிடந்தது. இங்கே புகார் வந்த சில நாளில் அடைப்பு வந்துவிட்டது. ஓட்டை இல்லாமல் போகவில்லை, அது திறந்து கிடக்கும் காலம் சுருங்கியிருக்கிறது. அதனால்தான் இப்போது பலவீனமான கண்ணி நாமாகிவிட்டோம். திருத்தம் தானாக இறங்கிவிடுகிறது, பிரவுசரை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வருகிறது. நாற்பது டேப்களைத் திறந்துவைத்துக்கொண்டு, மூலையில் தெரியும் அப்டேட் பட்டனை வாரக்கணக்கில் பார்க்காதது போல் இருப்பவர் எந்தப் பிரவுசருக்கு மாறினாலும் ஒன்றுதான்.

கூகுள் நம்மைக் கண்காணிக்கிறது, ஒரே நிறுவனத்தின் பிடியில் இணையம் போகக்கூடாது, அதற்காகவாவது மாறலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவை நல்ல காரணங்கள். எக்ஸ்ப்ளோரரின் ஐந்து வருடத் தூக்கமே ஏகபோகத்தின் விளைவுதான். ஆனால் அது வேறு வழக்கு. அந்தரங்கத்துக்காக மாறுவதைப் பாதுகாப்புக்காக மாறியதாக எண்ணிக்கொண்டு அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

உண்மையிலேயே மாற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எந்தச் செய்தித் தலைப்பும் அதைச் சொல்வதில்லை. தயாரிப்பாளர் திருத்தம் அனுப்புவதையே நிறுத்திவிட்டால், அன்றே அந்தப் பிரவுசர் முடிந்தது. விண்டோஸ் 7-இல் குரோமின் 109-ஆம் பதிப்பே கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. அந்தக் கணினிகளில் குரோம் வழக்கம்போலத் திறக்கும், வேலை செய்யும், எந்தத் திருத்தமும் வராது. 2010-இன் ஜெர்மானியர்கள் இருந்த நிலையேதான், ஆனால் இங்கே ஜனவரி 21 என்று ஒரு நாள் வரப்போவதில்லை. அதற்குப் பிறகும் ஃபயர்பாக்ஸ் தன் 115-ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவுக் கிளை வழியாக விண்டோஸ் 7-க்குத் திருத்தங்களைத் தொடர்ந்து தந்தது. பழைய கணினியை உடனே தூக்கிப்போட முடியாத சிறு அலுவலகத்துக்கும் பிரவுசிங் சென்டருக்கும் அந்த மாற்றம் கொஞ்ச காலத்தை வாங்கிக் கொடுத்தது. விண்டோஸுக்கே திருத்தம் நின்றுபோனதால் அந்தக் காலமும் நீளமானதல்ல. ஐபோனில் கதையே வேறு. எல்லாப் பிரவுசரும் ஆப்பிளின் எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்ற விதிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் அங்கே 2024-இல் விலக்கு வந்தது. ஆனால் நம் நாட்டு ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எதை இறக்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். இதில் பிரவுசரை மாற்றினால் மேல்பூச்சு மாறும், ஓட்டையை அடைப்பது ஐஓஎஸ் அப்டேட்.