செம்பிற் களிம்பும் பிரேக் விளக்கும்

பிரேக் விளக்கு, அதைச் சுமந்து செல்பவருக்கு வழி காட்டுவதில்லை. பின்னால் வருபவருக்காகவே எரிகிறது. ஆகவே அது அணைந்துபோன செய்தி உரிமையாளருக்கே கடைசியாக எட்டுகிறது. வவுனியாவைத் தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எனக் காடும் வயலுமாக நீளும் ஏ-9 வீதியில் வேகமாக வரும் ஊர்திகளுள் பெரும்பாலானவை முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் வேகம் தணிக்கின்றன. அந்த இடத்தில் முன்னால் செல்லும் வாகனத்தின் பின்புறம் சிவக்காவிட்டால், பின்னால் வருபவர் அது நிற்கப்போகிறது என்பதை இடைவெளி குறைந்த பிறகே உணர்வார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கப்படுகிறது.

இவ்வீதி ஊடறுத்துச் செல்லும் வன்னியில், இப்படி விளக்கு அணைந்த பழைய வாகனங்கள் நிலைத்துநிற்பதற்கு வரலாறே காரணம். போரில் 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கத்தைத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே மக்களைச் சுமந்தன. வான் தாக்குதல் அச்சத்தால் இரவில் விளக்குகளை அணைத்தோ மறைத்தோ ஓட நேர்ந்த அந்நாட்களில், எஞ்சினை இயங்கவைப்பதே கராஜ்காரரின் கலையாக இருந்தது. விளக்கைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் நேரமுமில்லை, காரணமுமில்லை. 2002இல் ஏ-9 திறக்கப்பட்டதும், போர் முடிந்த 2009க்குப் பின்னர் வீதிகள் கார்ப்பெற் இடப்பட்டதும் வேகத்தைக் கூட்டினவேயன்றி, விளக்கைக் கவனிக்காத அந்தப் பழக்கத்தை முழுமையாக மாற்றவில்லை. அதன்மேல், 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தடைப்பட்டிருந்ததால், கழிக்கப்படவேண்டிய பல ஊர்திகள் மேலும் ஐந்தாண்டு ஓடவேண்டியதாயிற்று.

பிரேக் விளக்கின் மின்சுற்று எளிமையானது. பற்றறியிலிருந்து புறப்படும் மின்னோட்டம், மிகையானால் உருகித் தன்னை அறுத்துக்கொள்ளும் பியூஸ் வழியாக, மிதியை அழுத்தும்போது இணையும் சுவிச்சுக்கும், அங்கிருந்து பின்புற பல்புக்கும் சென்று, வாகனத்தின் இரும்பு உடல் வழியாகவே பற்றறிக்குத் திரும்புகிறது. இத்திரும்பு வழியே எர்த் எனப்படுகிறது. இரு பக்கமும் ஒருசேர அணைந்திருந்தால் பியூஸிலோ சுவிச்சிலோ குற்றம் தேடுவதும், ஒரு பக்கம் மட்டும் அணைந்திருந்தால் பல்பிலும் அதன் தாங்கியிலும் தொடங்குவதும் முறை. பழைய வாகனங்கள் பலவற்றில் ஒரே பல்புக்குள் இரு இழைகள் உண்டு. 5 உவாற் இழை இரவில் பின்விளக்காகவும், 21 உவாற் இழை பிரேக் விளக்காகவும் எரியும். அவ்விரு இழைகளும் இடம் மாறாதிருக்கும் பொருட்டே பல்பின் பக்கவாட்டு ஊசிகள் ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் அமைக்கப்பட்டுள்ளன. பல்பைத் திசைமாற்றி வலிந்து புகுத்துபவர்கள் பின்விளக்கைப் பிரகாசமாகவும் பிரேக் விளக்கை மங்கலாகவும் ஆக்கிவிடுகிறார்கள்.

எனினும் பழைய வாகனத்தில் பல்பை மாற்றிக்கொண்டேயிருப்பது பெரும்பாலும் வீண் செலவு. குற்றம் எர்த்தில் இருப்பதே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், கோடையின் செம்மண் புழுதியும், ஆனையிறவு, முல்லைத்தீவுப் பக்கத்து உப்புக்காற்றும் விளக்குக் கூட்டுக்குள் புகுந்து, பித்தளைத் தாங்கியில் பச்சைக் களிம்பையும் இரும்புத் தகட்டில் துருவையும் படியவைக்கின்றன. ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் அதைச் செம்போடு கூடவே பிறந்தது என்றார்கள். கராஜில் அது உப்புத்தாளுக்குக் கட்டுப்படுகிறது. திரும்பு வழியில் ஒரே ஓர் ஓம் தடை சேர்ந்தாலும் 21 உவாற் பல்பு ஏறத்தாழ ஒன்றரை வோல்ற்றை இழக்கிறது. ஒளியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு மங்குவதும், சிக்னல் விளக்கு சேர்ந்து மினுங்குவதும் இந்நோயின் தெளிவான அறிகுறிகள். தன் வழி அடைபட்ட மின்னோட்டம் அடுத்த இழை வழியாகத் திரும்பப் பார்ப்பதே இதற்குக் காரணம். பற்றறியின் எர்த் முனையிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்துத் தாங்கியின் உடலில் தொடும்போது விளக்கு சட்டென்று பிரகாசித்தால், வேறு சோதனை வேண்டியதில்லை.

சுவிச்சைப் பொறுத்தவரை வாகனத்தின் வயது முக்கியமானது. மொறிஸ் மைனர் போன்ற கார்களில் அது மிதியருகே இல்லை. பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் வகையில் எண்ணெய்க் குழாயோடு பொருத்தப்பட்டிருக்கும். முதுமையில் அது மந்தமாகி, மெல்ல மிதித்தால் எரியாமல், பலமாக மிதித்தால் மட்டும் எரியும். கராஜில் சோதிப்பவர் வழக்கமாகப் பலமாகவே மிதிப்பதால் இக்குறை அவருக்குத் தட்டுப்படாமலே போகும். இத்தகைய கார்களை மாலை வேளையில் ஒரு சுவரோரமாகப் பின்புறம் திருப்பி நிறுத்தி, மிதியைப் படிப்படியாக அழுத்திக்கொண்டே பின்பார்வைக் கண்ணாடியில் சுவரின் சிவப்பு எப்போது தோன்றுகிறது எனப் பார்ப்பதே சரியான சோதனை. மோட்டார் சைக்கிளில் கால்மிதியோடு சுவிச்சை இணைக்கும் சிறு சுருள்வில் துருப்பிடித்து நீண்டுவிடுவதே வழக்கமான கோளாறு. அங்கு சுவிச்சின் உடலைத் திருகாமல் அதன் நட்டை மட்டும் திருகி உயர்த்தவேண்டும், இல்லையேல் வயர் முறுகி அறும்.

உழவு இயந்திரப் பெட்டிகளின் கதை வேறு. அவற்றுள் பலவற்றுக்கு மின்னிணைப்பே கிடையாது. நெல் மூடைகளோடு இருளில் செல்லும் பெட்டிக்கு ஒளிதெறிக்கும் தாளாவது ஒட்டப்பட்டிருந்தால் அது பெரும் பேறு.

பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டேயிருப்பதும் ஒரு நோய்தான். டொல்பின் எனப்படும் ஹையேஸ் வான் முதலியவற்றில் சுவிச்சின் முனையை அழுத்திப் பிடித்திருப்பது மிதித் தண்டிலுள்ள சிறு இறப்பர் அல்லது பிளாஸ்ரிக் குமிழே. வெப்பத்தில் அது நொறுங்கி உதிர்ந்தால் முனை துளைக்குள் நீண்டு, யாரும் மிதிக்காமலே விளக்கு எரியும். இரு பல்புகளும் சேர்ந்து மூன்றரை அம்பியர் உறிஞ்சுவதால், 40 அம்பியர்-மணிப் பற்றறி ஒரே இரவில் வெறுமையாகிவிடும். காலையில் கால்மிதி விரிப்பில் கிடக்கும் வெள்ளையோ மஞ்சளோ ஆன துகள்களைக் கண்ட மெக்கானிக் பற்றறியைக் குறை சொல்லமாட்டார். பழைய செருப்பு இறப்பரில் நாணயமளவு வெட்டித் தற்காலிகமாக ஒட்டி, புதிய குமிழுக்குக் கடையில் சொல்லிவைப்பார்.