சதுரங்கத்தில் வலியாரும் மெலியாரும் சமனாதல்

ஓட்டப் பந்தயத்தில் ஓரடி முந்தியவனுக்கும் வெற்றி உண்டு. சதுரங்கத்தில் எதிரியினும் மேம்பட்டு நிற்றல் மாத்திரம் போதாது. அவனுடைய அரசன் தப்ப வழியின்றி அகப்படுதல் வேண்டும். மேம்பாட்டிற்கும் வெற்றிக்கும் இடையேயுள்ள இத்தூரமே மெலியார்க்குப் புகலிடமாகின்றது. அஃது எங்ஙனமென்பதை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

ஒரு பக்கத்தில் அரசன் தனித்து நிற்க, மறு பக்கத்தில் அரசனும் அமைச்சனும் உள்ளனர் எனக் கொள்வோம். இவ்விருவராலும் அத்தனியரசனை அகப்படுத்தல் இயலாது. அவர்களோடு ஓர வரிசையிற் செல்லும் காலாள் ஒன்று சேரினும் ஐயமே. அமைச்சன் குறுக்காகவே செல்வதால் என்றும் ஒரே நிறக் கட்டங்களில் இயங்குவான். காலாள் அரசியாக உயர வேண்டிய மூலைக்கட்டம் மற்றை நிறத்ததாயின், அம்மூலையிற் புகுந்த தனியரசனை வெளியேற்ற முடியாது. மிக நெருக்கினால், அவன் தாக்கப்படாமலே நகர இடமின்றி நிற்பான். அப்பொழுது விதிப்படி ஆட்டம் சமனாகும். ஆதலின் தோல்வியை அஞ்சுவோர் காய்களை மாற்றி மாற்றிக் குறைத்து, இத்தகைய அரணை நாடுவர்.

இனி, மெலியார் அரணை நாடாமலே சமன் பெற்றதொரு நிகழ்ச்சியைக் காண்போம். 2004-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஐஸ்லாந்து நாட்டு ரெய்க்யவிக் நகரில் விரைவாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. 1985 முதல் 2000 வரை உலக வாகையராய் விளங்கிய காரி காஸ்பரோவ், நார்வே நாட்டுச் சிறுவனாகிய மாக்னஸ் கார்ல்சனை எதிர்த்தார். சிறுவனுக்கு வயது 13. அவன் ஒடுங்கி ஆடவில்லை. தாக்கியே ஆடி மேல்நிலை பெற்றான். புகலிடம் தேடும் நிலை காஸ்பரோவுக்கு வாய்த்தது. அவர் தம் அனுபவத்தால் தப்பினார்; 52-ஆம் நகர்த்தலில் ஆட்டம் சமனாயிற்று. அடுத்த ஆட்டத்தில் அவரே வென்றார். அச்சிறுவனோ 2013-இல் சென்னையில் விசுவநாதன் ஆனந்தை வென்று உலக வாகையரானான்.

சமனில் இருவர்க்கும் அரைப்புள்ளியே. ஆயினும் அதன் பயன் ஒன்றன்று. அர்பாட் எலோ என்னும் அறிஞர் வகுத்த தரவெண் முறையில், 400 எண் மிக்கவர் பதினோராட்டத்திற் பத்துப் புள்ளியளவு பெறுவாரென எதிர்பார்க்கப்படும். ஆதலின் ஒரு சமனும் அவர் தரவெண்ணைத் தாழ்த்தும், எதிரியினதை உயர்த்தும்.

மாணவ நண்பர்களே! வலியார் எதிரே அமரும்போது அவர் பெயரை மறந்து பலகையை நோக்குமின். பலகையிலுள்ள காய்கள் ஆடுவோரின் புகழை அறியா.