பியரும் மரணக் கணக்கும்



பியரை மிகுதியாக அருந்தும் நாட்டிலேயே மதுவால் இறப்போரும் மிகுதியாக இருப்பர் என எண்ணுதல் இயல்பு. உலகக் கணக்கோ அவ்வாறு அமையவில்லை.

சனத்தொகை வீதப்படி பார்த்தால், பியர் அருந்துவதிற் பல்லாண்டுகளாக முதலிடம் வகிப்பது செக் குடியரசாகும். அங்கு ஆளொருவருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 130 லீற்றர் செலவாகின்றது. ஆயினும் மதுவின் கொடுமையை மிகக் கடுமையாக அனுபவித்தது வொட்கா மலிந்த ருஷ்யாவே. 1985 இல் கொர்பச்சேவ் மது விற்பனையைக் கட்டுப்படுத்தினார். 1987 இல் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 65 வயதாக உயர்ந்தது. கட்டுப்பாடு தளர்ந்து, சோவியத் ஒன்றியமும் கலைந்த பின்னர், 1994 இல் அது 58 வயதுக்குங் கீழே வீழ்ந்தது. வறுமையும் நோயும் துணைநின்றன எனினும், அவ்வீழ்ச்சியில் மதுவின் பங்கு பெரிது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பியரில் நூற்றுக்கு 5 பங்களவும், வொட்காவில் 40 பங்கும் மதுசாரம் உண்டு. பியர் வயிற்றை நிரப்பி, மெல்லவே இரத்தத்திற் சேரும். வொட்காவை ஒரே மூச்சில் விழுங்குவோரின் இரத்தத்தில் மதுசாரம் விரைந்தேறும். அது மூச்சை ஒடுக்கும், இதயத்தைத் தாக்கும், விபத்துக்கும் கைகலப்புக்கும் வழிவகுக்கும்.

அவ்வாறாயின் பியர் தீங்கற்றதோ? அன்று. 500 மில்லிலீற்றர் பியரில் 25 மில்லிலீற்றர் மதுசாரம் அடங்கியுள்ளது. 50 மில்லிலீற்றர் வொட்காவில் 20 மில்லிலீற்றரே. எப்பாத்திரத்திலிருந்து வந்ததென்பதை ஈரல் கேட்பதில்லை. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என 1988 இற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியபோது பியருக்கு விலக்களிக்கவில்லை. 2019 இல் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவின் காரணமாக உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீடு.

ருஷ்யாவின் பிற்கால அனுபவம் நம்பிக்கை தருகின்றது. வரி உயர்ந்தது, இரவு விற்பனை தடுக்கப்பட்டது, வொட்காவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டது, 2011 இற் பியரும் மதுச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2003 முதல் 2016 வரை மதுசார நுகர்வு 43 வீதத்தாற் குறைந்தது. 2018 இல் ஆண்களின் ஆயுள் ஏறத்தாழ 68 வயதை எட்டியது. வொட்காவை விட்டுப் பியரை நாடியோராற் சிறிது நன்மை விளைந்திருக்கலாம்; ஆயின் அங்கு உயிர்களைக் காத்ததில் முதன்மையானது, அருந்திய மொத்த மதுசாரத்தின் அளவு குறைந்தமையேயாகும்.